பச்சைப் பேனாவும் தூங்குமூஞ்சியும்

மார்ச் 3, திங்கள்

மூடிக்கடியார் கூப்பிட்டனுப்பினார். எங்கள் மேலாளர்தான். யோசிக்கும்போதெல்லாம் பேனா மூடியைக் கடிப்பதால் நான் ரகசியமாக வைத்திருக்கும் பெயர். ஐந்து வருடமாக ஆபீஸ் கம்ப்யூட்டரில் நான் எழுதிவரும் குறிப்புப் பக்கங்களை மாதக் கடைசியில் மூடிவிடப் போகிறாராம். டேட்டாபேஸை எப்படி பேக்கப் எடுப்பது, படுத்துவிட்டால் எப்படி எழுப்புவது, புரோகிராம் படிக்கும் எக்ஸ்எம்எல் கோப்பை எப்படி எழுதுவது என்று எங்கள் புரோகிராமர்களுக்காக நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

"போன மாசம் நாலே நாலு தடவைதாம்மா திறந்திருக்காங்க," என்றார். அதில் மூன்று தடவை நானே.

மூடினால் என்னை டெலிபோன் பிரிவில் போடுவார். வாஷிங் மெஷின் ரிப்பேருக்கு ஆள் எப்போது வருவான் என்று கேட்பவர்களுக்கு நாள் முழுக்க பதில் சொல்ல வேண்டும். வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

யாராவது படிக்கிறார்களா, பார்த்துவிடுவோம். எக்ஸ்எம்எல் பக்கத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: "இதுவரை படித்தவர் என் மேசையில் ஒரு பச்சைப் பேனா வைக்கவும்."

அதோடு கை சும்மா இருந்ததா? அதே பக்கத்தில், வாடிக்கையாளருக்குப் போகும் கடிதத்துக்கு ஒரு மாதிரிக் கோப்பு இருக்கிறது. பெயர் காலியாக இருந்தால் என்ன போட வேண்டும் என்று காட்டும் இடத்தில் "வாடிக்கையாளர்" என்று இருந்ததை அழித்துவிட்டு "தூங்குமூஞ்சி" என்று எழுதினேன். என் வீட்டுக்காரர் நினைவாக. மனுஷன் இன்றைக்கும் தூங்கி பஸ்ஸைத் தவறவிட்டார்.

மார்ச் 7, வெள்ளி

பேனா இல்லை.

மார்ச் 12, புதன்

பேனா இல்லை. இருந்த என் பென்சிலையும் எவனோ எடுத்துப் போய்விட்டான்.

மார்ச் 19, புதன்

ஐயோ.

காலையில் முதலாளியம்மா மேலாளருக்குப் போன் போட்டார். நம் ஆட்கள் ஒழுங்காக வருகிறார்களா என்று சோதிக்க, பெயர் சொல்லாமல் தன் வீட்டு மெஷினுக்கு ரிப்பேர் கேட்டிருக்கிறார். கடிதம் போயிருக்கிறது: "அன்புள்ள தூங்குமூஞ்சி அவர்களுக்கு, எங்கள் ஆள் வெள்ளிக்கிழமை வருவார்." அவரைப் போலப் பெயர் தராத இன்னும் இருநூற்றுப் பதிமூன்று பேருக்கும் அதே மரியாதை.

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தேன். வெளியே வந்து பக்கத்து சீட் சோடாபுட்டியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கடிதம் அனுப்பும் புரோகிராம் அவர் எழுதியது. சேர்ந்து இரண்டு மாதம்தான், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் இரட்டைக் குழந்தைகள்.

"உங்க பக்கத்துல இருந்துதான் அப்படியே எடுத்தேன்க்கா," என்றார் மெதுவாக. "படிச்சுப் பார்க்கல."

எல்லோரும் அப்படித்தானாம். மாதம் ஒருவர் என் பக்கங்களுக்குப் போய் மாதிரிகளை மட்டும் மொத்தமாக அள்ளி வந்து பொது ஃபோல்டரில் கொட்டிவிடுவாராம். பதினோரு பேரும் அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். இந்த மாதம் இவர் முறை. அடப்பாவிகளா, அதுதான் அந்த நாலாவது தடவையா! நான் தேடிய சாட்சி இப்போது கையில் இருக்கிறது. காட்ட வேண்டுமென்றால் என் குட்டும் சேர்ந்து உடையும்.

மேலாளர் கேட்டபோது அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. தன் தப்பு என்றே சொன்னார். நாளைக்குள் விளக்கம் எழுதித் தர வேண்டும், வேலை அதைப் பொறுத்து.

இரண்டு நிமிடத்தில் அந்தச் சொல்லை மாற்றிவிடலாம். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? கை வைத்தேன், எடுத்தேன். அவ்வளவு கேவலமானவளா நான்?

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "அப்போ தூங்குமூஞ்சி நானா?" என்றார். அப்புறம், "போய்ச் சொல்லிடு. டெலிபோன்ல நீ நல்லாத்தான் பேசுவ."

மார்ச் 20, வியாழன்

சொல்லிவிட்டேன்.

"அது என் வேலை சார். அவர் என் பக்கத்தை நம்பி எடுத்தார்."

மூடிக்கடியார் கடித்த கடியில் மூடி விரிசல் விட்டது.

"அப்போ எல்லாரும் உங்ககிட்ட இருந்துதான் எடுக்கறாங்களா?"

"பதினோரு பேரும் சார்."

விரிசல் விட்ட மூடியைப் பேனாவில் மாட்டினார். பிறகு தீர்ப்பு: சோடாபுட்டி விளக்கம் எழுத வேண்டாம். பொது ஃபோல்டரை இன்றே அழிக்க வேண்டும், எடுப்பவர் பக்கத்திலிருந்தே படித்து எடுக்க வேண்டும். இருநூற்றுப் பதினாலு பேரிடமும் நான் போனில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பக்கங்களை மூடுவதா வேண்டாமா என்பதை மாதக் கடைசியில் பார்ப்பாராம்.

மார்ச் 26, புதன்

தொண்டை கட்டிவிட்டது. பாதிப் பேர் சிரித்தார்கள், இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர், "என் சம்சாரம் சொல்லிக் கொடுத்தாளா?" என்று சந்தேகப்பட்டார்.

முதலாளியம்மாவைக் கடைசிக்கு வைத்திருந்தேன். முழுசாகக் கேட்டார்.

"ஆள் வந்தப்போ நான் நிஜமாவே தூங்கிட்டிருந்தேன்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மார்ச் 31, திங்கள்

பச்சைப் பேனா கேட்டு எழுதிய வரியை எடுக்க மறந்தே போயிருந்தேன்.

காலையில் மேசையில் பன்னிரண்டு இருந்தன. பதினோரு பேனா புத்தம் புதிது. பன்னிரண்டாவதன் மூடியில் பல் பதிந்திருந்தது.

இதை அந்தப் பேனாவால்தான் எழுதுகிறேன். நன்றாக எழுதுகிறது.