வீட்டுக்குள் ஹோத்தோர்ன் பூ

அக்கா,

விரலில் முள் கீறிய இடம் எரிகிறது. கோட்டிலிருந்து ஹோத்தோர்ன் பூவின் வாடை இன்னும் போகவில்லை. பார்வைக்கு வெள்ளையாய் அழகான பூ. முகர்ந்தால் ஏதோ அழுகியதுபோல இருக்கிறது. லண்டன் கிங்ஸ்பரியில் உங்கள் கணவரின் அண்ணன் வீட்டில் ஒரு கிளையை வைத்துவிட்டு இப்போதுதான் வந்தேன்.

யாழ்ப்பாணத்தில் மந்திரித்து நூல் கட்ட வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியவர் நீங்கள். ஐரிஷ்காரரைக் கல்யாணம் செய்த பிறகு, அவருடைய அண்ணன் சொன்னதையெல்லாம் நம்பினீர்கள். இடையில் பெண் பிறக்காமல் ஏழாவதாகப் பிறந்த மகனாம், அதனால் கைராசியாம். உங்கள் மார்பில் கட்டி வந்தபோது, உங்கள் வீட்டுத் தோட்டத்து ஹோத்தோர்ன் மரத்தை வெட்டியதுதான் காரணம் என்றார். அது தேவதைகளின் மரமாம். தேவதைகள் என்று பெயர் சொல்லவும் மாட்டார். ‘நல்ல சனங்கள்’ என்பார். அவர்கள் உங்கள்மேல் ஊதிவிட்டார்களாம், அதுதான் கட்டியாய் வந்ததாம். தான் ஓதித் தடவி முடியும்வரை வைத்தியரிடம் காட்டக் கூடாது, தனக்கு நன்றியும் சொல்லக் கூடாது என்றார்.

உங்கள் குசினியில் நின்று சண்டை பிடித்தேன். “எங்கட பேயள் விசா இல்லாமல் அங்கயே நிண்டிட்டுது, இவை மட்டும் லண்டனுக்கு வந்திட்டினமோ?” என்றேன். இறால் உரித்தபடி சிரித்தீர்கள்.

“நீ கம்பஸ் படிச்சனீ, உனக்கு இது விளங்காது. டொக்டரிட்டை மட்டும் இப்ப சொல்லிப் போடாதை. அவர் கை வைச்சது குழம்பிப் போகும்.”

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது புற்று ஈரலுக்கு ஏறியிருந்தது. உங்கள் செத்தவீட்டில் அவர் என் கையைப் பிடித்து, ‘அவர்கள் விடவில்லை’ என்றார். நான் கையை உருவிக்கொண்டேன்.

அந்தப் பூவை வீட்டுக்குள் கொண்டுவந்தால் சாவு வரும் என்று உங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொன்னவரும் அவர்தான். இன்று அவருடைய முன்னறையில் ஓதித் தடவிக்கொள்ள ஆட்கள் காத்திருந்தார்கள். ஒரு தாய் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். எல்லோருக்கும் முன்னால் கிளையை மேசையில் வைத்தேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் கள்ளன் என்று உறுதியாகியிருக்கும்.

அவர் முகம் வெளிறிவிட்டது. அந்தத் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள், மற்றவர்களும் எழுந்தார்கள். தயவுசெய்து அதை எடுத்துப் போ என்று மெல்லிய குரலில் கெஞ்சினார்.

“நீங்களே எடுங்கள்” என்றேன்.

அவர் அசையவில்லை. மனிதர் உண்மையாகவே நம்புகிறார், அக்கா. உங்கள்மேல் கை வைத்த நாட்களிலும் நம்பித்தான் வைத்திருக்கிறார். அறியாமல் செய்தவரை மன்னிக்கலாம் என்பார்கள். எனக்கு ஏலவில்லை.

அவர் அந்தக் கிளையைத் தொடமாட்டார். இன்று அதோடுதான் அந்த வீட்டில் படுக்க வேண்டும். எனக்கு அது போதாது.