இமைக்குள் ஒரு சிராய்

மார்ச் 4
புறநோயாளிப் பிரிவில் நல்ல கூட்டம். ஐந்து வயதுப் பெண் குழந்தை. இடது மேலிமை வீங்கி, ஓரத்தில் சீழ் கசிகிறது. மருந்து கொடுத்தால் வற்றுகிறதாம், நிறுத்தினால் மறுபடி வீங்குகிறதாம். எங்காவது விழுந்தாளா என்று கேட்டேன். வேலியோரம் விழுந்ததில் இமையில் ஒரு கீறல், அது அப்போதே ஆறிவிட்டது என்றாள் அம்மா. குழந்தையை மேலே பார்க்கச் சொன்னேன். வலது விழி ஏறியது. இடது பாதியில் நின்றுவிட்டது. எனக்குச் சுருக்கென்றது. வெறும் கட்டி விழியைத் தடுக்குமா? ஸ்கேன் எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 5
கண்குழியின் மேற்புறத்தில் கறுப்பாக ஒரு கோடு. காற்று என்று ரிப்போர்ட். தலைமை மருத்துவரும் அதையேதான் சொல்கிறார். காற்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நிற்குமா? காய்ந்த மரமும் ஸ்கேனில் அப்படித்தானே தெரியும்! சொல்லிப் பார்த்தேன்.

"பார்வை நரம்பு பக்கத்துல இருக்கும்மா. ஒண்ணுமில்லாததுக்குக் கத்தி வெச்சுட்டு, அப்புறம் யாரு பதில் சொல்றது?"

அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

மார்ச் 6
சாப்பாடு இறங்கவில்லை. உள்ளே ஏதாவது இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டார் கணவர். சீழ் மூளைவரை போகலாம் என்றேன். "அப்ப இங்க உக்காந்து என்ன பண்ற?" என்றார். உடனே போன் செய்து எம்.ஆர்.ஐ.க்கு ஏற்பாடு செய்தேன்.

மார்ச் 8
இரண்டு படங்களையும் பக்கம் பக்கமாக வைத்தேன். கோடு அதே இடத்தில், சுற்றிலும் சீழ். தலைமை மருத்துவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நாளைக்கு ஆபரேஷனை நீயே செய், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றார்.

பார்வை போய்விடுமா என்று கேட்டாள் அந்த அம்மா. அந்த ஆபத்து இருப்பதை மறைக்கவில்லை. விட்டால் அதைவிட ஆபத்து என்றும் சொன்னேன். கையெழுத்துப் போட்டாள்.

மார்ச் 9
எடுத்துவிட்டேன்!

சீழ் வந்த வழியிலேயே போனேன். கருவி நுனியில் டக்கென்று ஏதோ தட்டியது. இழுத்தால் — பாதியில் ஒடிந்தது. மிச்சத்தைத் துழாவி எடுத்து, இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. குழந்தையின் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மூங்கில் சிராய். தலைமை மருத்துவர் அதைத் தட்டில் உருட்டிப் பார்த்தார்.

"காத்து ரொம்பக் கெட்டியா இருக்கே."

அவர் வாயிலிருந்து இதற்குமேல் ஒரு பாராட்டு வராது. எனக்கும் வேண்டாம்.

மார்ச் 10
கட்டுப் பிரித்து, அவளுடைய வலது கண்ணைக் கையால் மறைத்து, என்ன தெரிகிறது என்று கேட்டேன். "உங்க மூக்கு. பெருசா இருக்கு." நர்ஸ் சிரிப்பை அடக்க வெளியே ஓடினார். என் மூக்கைப் பற்றி இவ்வளவு பெருமை எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

மார்ச் 11
என் அம்மாவிடம் போனில் பெருமையடித்தேன். தம்பட்டம்தான். அடித்தால்தான் என்ன!

ஏப்ரல் 2
இரண்டு விழிகளும் ஒன்றாக ஏறி இறங்குகின்றன. இமையில் தழும்புகூடத் தேடினால்தான் தெரிகிறது. இனிமேல் வரவேண்டியதில்லை என்றேன். குழந்தை வாசலுக்கு ஓடிவிட்டாள். அவள் அம்மா மட்டும் நாற்காலியைவிட்டு எழவில்லை.

"எப்பவாவது சும்மா வந்து பாத்துட்டுப் போலாமா டாக்டர்?"

ஆஸ்பத்திரிக்கு யாரும் சும்மா வரக்கூடாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

வாங்க என்றேன்.