அம்மாவுக்குச் சத்து போதாதாம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, உன் அம்மாவை அதில் சேர்க்க மனம் வரவில்லை.

பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் தேதி குறித்திருந்தார்கள் அல்லவா, தள்ளி வைத்துவிட்டார்கள். முதலில் உடம்பில் சத்து எப்படி இருக்கிறதென்று பார்க்க வேண்டும் என்று டாக்டர் ஊட்டச்சத்துப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெண், செருப்பைக் கழற்றச் சொல்லி அம்மாவை ஒரு மெஷினில் ஏற்றினாள். கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, நீர் எவ்வளவு என்று அது பிரித்துச் சொல்லுமாம். பிறகு கெண்டைக்காலை டேப்பால் சுற்றி அளந்தாள், கைப்பலம் பார்க்க முள் வைத்த கைப்பிடி ஒன்றைக் கொடுத்து இறுக்கச் சொன்னாள், அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கியும் முள் நகர்வேனா என்றது. எல்லாம் முடிந்ததும் அந்தப் பெண், இவங்களுக்குச் சத்து போதாதுங்க, தசை ரொம்பக் கரைஞ்சிருக்கு என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்தா சோபா முனகுற ஆளைப் பார்த்தா சொல்றீங்க என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. எடையை மட்டும் பார்த்தா தெரியாதுங்க, கொழுப்பு அப்படியே நிக்குது, தசைதான் போயிருக்கு, இப்ப கத்தி வெச்சா காயம் ஆற நாளாகும் என்றாள். கொஞ்ச நாளாக அம்மா நாற்காலியில் கையை ஊன்றித்தான் எழுகிறாள், பாட்டில் மூடி திறக்கக்கூட என்னைக் கூப்பிடுகிறாள், வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என்ன சாப்பிடுறீங்கம்மா என்று அந்தப் பெண் கேட்டதற்கு, எல்லாந்தான் என்றாள் அம்மா. துருவித் துருவிக் கேட்டபிறகுதான் வந்தது. பகலில் டீயும் பிஸ்கட்டும், ராத்திரி ஒரு பழம், அவ்வளவுதான். முட்டை, பருப்பெல்லாம் என் தட்டுக்குத் தள்ளியிருக்கிறாள், நானும் பாசம் என்று ஒரு பிடி பிடித்திருக்கிறேன். இப்போது எதை வைத்தாலும் தொடுவதில்லை, இன்னும் குறையணும் என்று ஒரே பிடிவாதம். கல்வலி எப்போது திரும்ப வருமோ என்று எனக்குப் பயமாகவே இருக்கிறது, இந்த உடம்பை வைத்துக்கொண்டு அவசரமாக ஆபரேஷன் என்றால் என்ன செய்வேன்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை கண்ணு. போன் பண்ணும்போதெல்லாம் உடம்பைக் குறைம்மா என்று நீ நல்லதற்குத்தான் சொன்னாய். நான் சொல்லி இந்த வீட்டில் எது நடந்திருக்கிறது. நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். நான் எழுதியது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிட்டு, சாப்பிடும்மா என்று சொல். நீ சொன்னாய் என்றுதான் பட்டினி கிடந்தாள், நீ சொன்னால்தான் சாப்பிடுவாள்.

அன்புடன்,
உன் அப்பா