ஆடி மாதத்தில் இல்லாத பாலம்

நான் இன்னொரு முறை வெளிநாடு சுற்றுவதற்காகத்தான் உன் அஸ்தியைக் காரணம் காட்டுகிறேன் என்று கோயில் கேண்டீனில் பேசிக்கொள்கிறார்களாம். இதில் திருத்த வேண்டியவை சில இருக்கின்றன. போன முறை நான் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. நீதான் என்னை இழுத்துக்கொண்டு போனாய். நாம் போனது ‘தாய்லாந்து பக்கம் ஏதோ ஒரு ஊர்’ அல்ல. லாவோஸ் நாட்டில் மேகாங் ஆற்றங்கரையில் இருக்கும் லுவாங் பிரபாங். மேலும், எனக்கு ஓரிடத்துக்குப் போக வேண்டுமென்றால் போக வேண்டும் என்றே சொல்வேன். எழுபத்தாறு வயதில், இறந்துபோன நாத்தனாரின் பெயரைச் சொல்லி விமானம் ஏறும் நிலைமை எனக்கு வரவில்லை.

இதைக் கேட்டால் நீ சிரிப்பாய். “கான்வென்ட் ஆரம்பிச்சாச்சு” என்பாய். நான் யாரையாவது திருத்தும்போதெல்லாம் நீ சொல்கிற வார்த்தை அது. உன் அண்ணனுக்குக்கூட அந்தத் துணிச்சல் இருந்ததில்லை.

இன்று காலை இங்கே டெக்சாஸில், நம் பேர்லேண்டில் நல்ல மழை. சமையலறை ஜன்னலைச் சரியாக மூடவில்லை போலிருக்கிறது. ஓரத்தில் வைத்திருந்த மூங்கில் சோற்றுக் கூடை நனைந்துவிட்டது. துடைப்பதற்காக எடுத்து மூடியைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் ஈர மூங்கிலும் ஆவியில் வெந்த அரிசியுமாக ஒரு வாசனை முகத்தில் வந்து மோதியது. துணியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். அந்த ஊர்ச் சந்தையில் அந்தக் கூடையை நீ பேரம் பேசாமல் வாங்கினாய். உன் வாழ்நாளில் நீ பேரம் பேசாமல் வாங்கிய ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் அஸ்தி இன்னும் ப்ரியாவின் வீட்டில், துணி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்கள் ராமேஸ்வரத்தில் கரைக்கச் சொல்கிறார்கள். இங்கே உள்ளவர்களும் ராமேஸ்வரம் என்கிறார்கள். உன் மகளுக்கு எதைச் செய்வதென்று தெரியவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு நான் அவளிடம் மட்டும் சொன்னேன்: “உங்கம்மா அந்த ஆத்தங்கரையில ஒரு வார்த்தை சொன்னா.” அவள் தன் கணவனிடம் சொன்னாள். அவன் என் மகன் கார்த்திக்கிடம் கேட்டான். பிறகு கேண்டீனுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? அந்த இட்லி வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை.

“அம்மா, விடுங்களேன்” என்கிறான் கார்த்திக். “நீங்க சொல்றதுக்கு ப்ரூஃப் ஒண்ணும் இல்ல. எதுக்கு வீணா பேரைக் கெடுத்துக்கறீங்க?”

“நான் சொல்றதுதான்டா ப்ரூஃப்” என்றேன். அவன் காரின் வைப்பரை வேகமாக வைத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை ப்ரியா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டாள்: “அத்தை, ஐ ஜஸ்ட் நீட் டு நோ. டிட் ஷி மீன் இட்? ஆர் வாஸ் ஷி ஜோக்கிங்?”

அவளுக்கு உன் கண். அந்தக் கண்ணைப் பார்த்து வாயால் பதில் சொன்னால் நான் ஏதாவது கூட்டிச் சொல்லிவிடுவேன் என்று பயந்தேன். “எழுதித் தரேன்” என்றேன். அதனால்தான் இந்தக் கடிதம். என்ன நடந்தது என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஆகவே உன்னிடம் சொல்வதுபோலவே எழுதுகிறேன். நான் தவறாக எழுதினால் உனக்குத் தெரியும் அல்லவா?

உன் அண்ணன் போன அடுத்த வருடம் அது. நான் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தேன். நீ ஒருநாள் உன் சாவியால் கதவைத் திறந்துகொண்டு வந்து போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாய். பச்சை நிற ஆற்றின் மேல் மெலிந்த ஒரு மூங்கில் பாலம். அதில் குடை பிடித்தபடி ஒரு பெண் நடந்துபோகிறாள்.

“அண்ணி, இந்தப் பாலத்துல நாம நடக்கணும். டிக்கெட் போட்டாச்சு. ஜூலை கடைசி.”

“மழை இருக்காதா?”

“ஆடியில ஏது மழை? காத்துதான் அடிக்கும். மழையெல்லாம் ஐப்பசியிலதானே! அதுவும் ஆடியில கல்யாணம், கிரகப்பிரவேசம் ஒண்ணும் இருக்காது. யார் வீட்டுக்கும் போகலைன்னு யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.”

நாற்பது வருடம் டெக்சாஸில் இருந்தும் நம் இருவர் தலைக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது சென்னையின் காலண்டர்தான். பள்ளியில் புவியியலில் முதல் பரிசு வாங்கியவள் நான். எனக்கும் அது சரியாகவே பட்டது.

மூன்று விமானம் மாறிப் போய் இறங்கினோம். மழை என்றால் அப்படி ஒரு மழை. மலைகள் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. வண்டிக்காரர் கொடுத்த பிளாஸ்டிக் மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய். “அண்ணி, ரெண்டு பேரும் கார்பேஜ் பேக் மாதிரியே இருக்கோம். தெருவோரம் நின்னா தூக்கிட்டுப் போயிடுவான்.” நான் சிரிக்கவில்லை என்று நீ பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாய். சிரித்தேன். நீ பார்க்கவில்லை.

விடுதியில் நமக்குக் கொடுத்த அறை ஆற்றைப் பார்த்திருந்தது. நீ திரையை ஒருமுறை விலக்கிப் பார்த்துவிட்டு, உடனே மூடிவிட்டு, பெட்டியைத் திறக்காமலே கட்டிலில் உட்கார்ந்தாய். எனக்குப் புரிந்தது. புயல் மழையில் இங்கே உன் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது நான் உடனிருந்தேன். கார்ப்பெட்டைச் சுருட்டித் தெருவில் போட்டதும், சுவரை இடுப்புயரத்துக்கு அறுத்தெடுத்ததும், நீ என் வீட்டு மாடியில் மாதக்கணக்கில் தங்கியதும் எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்கும் நீ போன் செய்வாய். “அண்ணி, தண்ணி ரோட்டோர கர்ப் கல்லு வரைக்கும் வந்தாச்சு” என்பாய். அந்தக் குரலில் பன்னிரண்டு வயதுப் பெண் இருந்தாள்.

“வேற ரூம் கேக்கலாமா?” என்றேன்.

“வேண்டாம். திரையை மட்டும் திறக்காதீங்க.”

மறுநாள் மழை கொஞ்சம் விட்டது. பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று கிளம்பினோம். மேகாங்கில் வந்து சேரும் கான் என்கிற சின்ன ஆற்றின் மேல்தான் அந்தப் பாலம். விடுதியை நடத்திய அம்மாள் கூடவே குடையோடு வந்தார். கரைக்குப் போனோம். பாலம் இல்லை. உடைந்த கம்புகூட இல்லை. நீ போனில் இருந்த படத்தையும் ஆற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தாய்.

“ஆறு பெரிதாகும் முன்னால் நாங்களே கழற்றிவிடுவோம்” என்றார் அந்த அம்மாள், நிதானமான ஆங்கிலத்தில். “தண்ணீர் இறங்கியதும் புதிதாகக் கட்டுவோம்.”

“எவ்ரி இயர்?”

“எவ்ரி இயர்.”

நீ என் கையைப் பிடித்துக் குலுக்கினாய். “கேட்டீங்களா அண்ணி! எடுத்து வச்சுட்டாங்களாம், கொலு பொம்மை மாதிரி!” வந்த வேலை கெட்டுப்போனது, அதற்கு இப்படி ஒரு சந்தோஷமா என்று எனக்குப் பட்டது. நீ கொஞ்ச நேரம் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு மெதுவான குரலில் சொன்னாய்: “நான் தண்ணி வந்ததுக்கு இன்ஷூரன்ஸ்காரனோட ரெண்டு வருஷம் சண்டை போட்டேன். இவங்க பாலத்தை எடுத்துட்டு, போய்ட்டு வான்னு வழி விடறாங்க.”

அன்று மாலை திரையை நீயே திறந்தாய்.

அந்த ஊரில் நாம் செய்தது வேறொன்றுமில்லை. ஆற்றைப் பார்த்தோம். காலையில் பார்த்தோம், சாப்பிடும்போது பார்த்தோம், மழை கொட்டும்போது திண்டுக்கல் பூட்டு மாதிரி கனமான அந்தத் தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு பால்கனியில் நின்று பார்த்தோம். கூடையில் வந்த சோறு விரலை விட்டுப் பிரிய மறுத்தது. நீ பெட்டியிலிருந்து பருப்புப் பொடியையும் நல்லெண்ணெய் பாட்டிலையும் எடுத்தாய். அந்த அம்மாள் நமக்குச் சோற்றை உருட்டிச் சாப்பிடச் சொல்லிக்கொடுத்தபோது, “உருட்டறதுக்கு நமக்கே டிரெய்னிங்கா?” என்று என் காதில் சொன்னாய். பருப்புப் பொடியில் புரட்டிய உருண்டை ஒன்றை அவருக்குக் கொடுத்தாய். அவர் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டார்.

ஆனால் நான் எழுத வேண்டியது கடைசி நாளைப் பற்றி.

இரண்டு ஆறும் சேரும் முனைக்குப் போயிருந்தோம். நண்பகல். மழை நின்று, மேகத்துக்குள் வெளிச்சம் மட்டும் இருந்தது. கான் ஆறு டீயின் நிறத்தில் வந்தது. மேகாங் செம்மண்ணைக் கரைத்த நிறம். இரண்டும் உடனே கலக்கவில்லை. நடுவில் ஒரு கோடு போட்டதுபோல வெகுதூரம் அருகருகே போயின. அவ்வளவு பெரிய தண்ணீர் சத்தம் போடும் என்று நினைத்திருந்தேன். போடவில்லை. நம் இருவர் மூச்சும் கேட்டது. அப்போது ஒரு முழு மரம் வந்தது. வேரும் கிளையும் இலையுமாக, சாயாமல், அவசரப்படாமல், தேர் போவதுபோலப் போனது. வேரின் மேல் ஒரு வெள்ளைக் கொக்கு நின்றிருந்தது. இறங்க வேண்டிய இடம் தனக்குத் தெரியும் என்பதுபோல. அக்கரைக்குப் போகும் படகு மூக்கை எதிர்த்திசையில் திருப்பி வைத்துக்கொண்டு, ஆறு தள்ளிய தள்ளலிலேயே சரிந்து சரிந்து போய், சரியாகப் படித்துறையில் ஒட்டியது.

நான் பெரிய கோயில்களைப் பார்த்திருக்கிறேன். விண்வெளிக்குப் போன கலங்களை ஹூஸ்டனில் தொட்டும் பார்த்திருக்கிறேன். ‘நான்’ என்று ஒருத்தி நிற்கிறாள் என்பதே மறந்துபோனது அங்கே மட்டும்தான். உன் அண்ணன் போன பிறகு முதன்முறையாக எனக்கு அழுகையும் இல்லை, அழக்கூடாது என்கிற பிடிவாதமும் இல்லை.

இனி, நீ சொன்னது. சொன்னபடியே எழுதுகிறேன்.

உன் கையில் சுட்ட வாழைப்பழம் இருந்தது. குச்சியில் குத்தியது, பாதி தின்றது. நீ சொன்னாய்: “அண்ணி, நான் போனா என்னை இங்க கொண்டுவந்து விட்டுடுங்க. ஆடி மாசமே பாத்து வாங்க. பாலம் இல்லாதப்போ.”

நான் சொன்னேன்: “அச்சானியமா பேசாதே. வாயைக் கழுவு.”

நீ சொன்னாய்: “சரி. பழம் வேணுமா?”

அவ்வளவுதான். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். அதை விட்டுவிட்டு எழுதினால் என் பேச்சு எடுபடும். கேண்டீனும் வாயை மூடும். விட மாட்டேன். அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. விமானத்திலும் இல்லை, இங்கே வந்த பிறகும் இல்லை, ஆஸ்பத்திரியில் நான் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தபோதும் இல்லை. நானும் கேட்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆனால் பழத்தைத் தின்று முடித்த பிறகு நடந்ததையும் எழுத வேண்டும். கோயிலில் நீ எப்படிக் கும்பிடுவாய் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு கையில் கார் சாவி, மற்ற கையால் கன்னத்தில் இரண்டு தட்டு, “வாங்க, பார்க்கிங் கிடைக்காது” என்று கிளம்பிவிடுவாய். அன்று குச்சியை என்னிடம் கொடுத்தாய். செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரமான படியில் இரண்டு படி இறங்கினாய். கர்ப் வரை தண்ணீர் வந்தால் நடுங்குகிறவள். முழங்கால் அருகே ஆறு போய்க்கொண்டிருந்தது. இரண்டு கையையும் சேர்த்தாய். மார்புக்கு நேராக அல்ல, தலைக்கு மேலே. வெகுநேரம் அப்படியே நின்றாய். நான் கூப்பிடவில்லை. கூப்பிடத் தோன்றவில்லை.

நீ சொன்னது விளையாட்டா, வேண்டுதலா என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொன்னால் பொய். நான் பார்த்தது இதுதான்.

இப்போது ஜன்னலை மூடிவிட்டேன். கூடையைத் துடைத்து, மூடியைத் திறந்தே வைத்திருக்கிறேன், காய்வதற்காக. வெளியே தெருவில் தண்ணீர் கர்ப் வரை வந்துவிட்டது. வழக்கப்படி போனைப் பார்த்தேன். முன்பெல்லாம் மழை என்றால் எனக்கு எரிச்சல்தான். இப்போது எந்த மழைக்கும் நான் எழுந்து நின்று பார்க்கிறேன், யாரோ பெரியவர் வீட்டுக்குள் வந்ததுபோல. அது நீ எனக்கு விட்டுப்போனது. அதை யாருக்கும் பங்கு கொடுப்பதாக இல்லை.

ப்ரியாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அது உன் தவறு, என்னுடையது அல்ல. ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை இதை அவளுக்கு நானே படித்துக் காட்டப்போகிறேன். அடுத்த பத்தி அவளுக்கானது. நீ குறுக்கே பேசாதே.

ப்ரியா, முடிவு உன்னுடையது. லுவாங் பிரபாங் என்றால் ஆடியில் போவோம். மழைச்சட்டை நான் எடுத்துவருகிறேன். ராமேஸ்வரம் என்றால் அங்கேயும் உன்னோடு வருவேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். எதுவானாலும் போனில் சொல்லாதே. கட்டைவிரல் படமும் அனுப்பாதே. இங்கிலீஷில் எழுதினால் போதும். ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, எனக்குத் தபாலில் அனுப்பு.