அட்ஜஸ்ட் பண்ணச் சொன்ன மத்தியானம்

என் பிரியமுள்ள மதினி,

நேற்றும் கனவில் வந்தீர்கள். அதே கல்லுப்பட்டி பஸ், அதே சன்னல். வெளியே கரிசல் காடு வெயிலில் மிதந்துகொண்டே போகிறது, வண்டிச் சத்தமே இல்லை. உங்கள் பக்கத்து சீட்டில் என் கைக்குட்டை கிடக்கிறது. "நிக்கிறீகளே டீச்சரு, உக்காருங்க" என்கிறீர்கள். உட்காருவதற்குள் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் ஒரு மத்தியானம், துணிப்பையோடு தல்லாகுளத்தில் என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்களே, அதைத்தான் இன்னும் தாண்ட முடியவில்லை. முழங்கை கன்றிப்போயிருந்தது. அடித்தது என் கூடப்பிறந்த அண்ணன். "நாலு நாளு இங்க இருந்துக்கிறவா?" என்று கேட்டீர்கள்.

"அண்ணன் கோவம் தெரிஞ்சதுதான மதினி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்றேன். காப்பி கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய், கூட்டத்துக்கு முன்னால் ஓடி, சன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு உங்களுக்கு சீட்டுப் பிடித்தேன். அடி வாங்கத் திரும்பிப் போகிறவளுக்கு சன்னலோர சீட்டு! அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இங்கிலீஷ் டீச்சர் என்று பேர்தான். அந்த 'அட்ஜஸ்ட்' என்ற சொல்லைப் போன வாரம்தான் அகராதியில் தேடிப் பார்த்தேன். லத்தீனில் பிறந்து, பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்ததாம். ஆதியில் அதற்கு, பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பது என்று பொருள். கடிகார முள்ளைத் திருத்துவது, பெல்ட்டை இறுக்குவது எல்லாம் பின்னால் வந்தவை. நம் ஊர் பஸ்ஸில் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்க" என்றதும் நெருங்கி உட்கார்ந்து இடம் விடுகிறார்களே, அங்கே அந்தப் பழைய பொருள் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குள் வந்ததும் பெண்களைப் பார்த்து மட்டும் சொல்லுகிற வார்த்தையாக அது எப்படி ஆனது மதினி? யார் ஆரம்பித்தது? நானும்தானே சொன்னேன்.

சேதி கேளுங்கள். முந்தாநாள் மத்தியானம் வாசலில் பை வைக்கிற சத்தம். கதவைத் திறந்தால், நீங்களேதான் நிற்கிறீர்கள். அப்புறம்தான் உங்கள் மகள் ரூபி என்று தெரிந்தது. அவள் புருஷனும் கை நீட்டுகிறானாம்.

"அத்த, நீங்களும் அட்ஜஸ்ட் பண்ணிக்கன்னு சொல்லுவீகளா?" வாசலைத் தாண்டாமலேயே கேட்டாள். அன்றைக்கு நடந்ததை அவளிடம் சொல்லியிருந்தீர்களா? அவள் பையை நான் எடுத்து உள்ளே வைத்தேன்.

சாயங்காலம் அண்ணன் போனில் கத்தினார். "மொதல்ல அவள பஸ் ஏத்திவிடு. பொம்பளப் பிள்ளைன்னா அட்ஜஸ்ட் பண்ணித்தான் போகணும்."

"ஏத்திவிட மாட்டேண்ணே. மதினிய ஏத்திவிட்டது போதும். என் மருமக இங்கதான் இருப்பா."

இந்த வயசில் முதல் தடவையாக அவரை எதிர்த்துப் பேசினேன்.

இதை எழுதும்போது ரூபி என் ஒற்றைக் கட்டிலில் தூங்குகிறாள். உங்களைப் போலவே புறங்கையைக் கன்னத்துக்குக் கொடுத்திருக்கிறாள். திரைச்சீலை அசைய அசைய அவள் முகம் உங்கள் முகமாகி, மறுபடி அவள் முகமாகிறது. எனக்கும் கொஞ்சம் இடம் விட்டு, சுவரோடு ஒட்டித்தான் படுத்திருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. இது ஒன்றை மட்டும் எழுதுகிறேன். போக மனசில்லாத எந்தப் பெண்ணுக்கும் இனி நான் பஸ்ஸில் சீட்டுப் பிடிக்க மாட்டேன். அந்தக் கைக்குட்டை இப்போது ரூபியின் கையில் இருக்கிறது, முகம் துடைக்கக் கொடுத்தேன்.

அன்று உங்களைத் திருப்பி அனுப்பிய நாத்தனார்,
ரூபியின் அத்தை,
ஞானம்