கழுவிவிட்ட கடற்சேறு குறித்து

அனுப்புபவர்:
முக்தார் தாஸிம்,
கடைத்தெரு, இரத்தினபுரி.

பெறுபவர்:
மேலதிகாரி அவர்கள்,
கடல் அளவைக் கப்பல், கொழும்பு.

பொருள்: என் பெயருக்கு நேரே எழுதிய குற்றத்தை நீக்கி, மறுபடி வேலையில் சேர்த்துக்கொள்ளக் கேட்பது.

கனம் பொருந்திய ஐயா,

1. சென்ற பெப்ரவரியில் தங்கள் கப்பலில் ஆழம் பார்க்கும் உதவியாளாகச் சேர்ந்தேன். பதினேழாம் நாள் நீக்கப்பட்டேன். "களவாக மாணிக்கம் தேடியவன்" என்று கப்பலில் கணக்கெழுதும் கிளாக்கர் பதிவில் எழுதியிருக்கிறார். நான் சேற்றைக் கழுவியது உண்மை. மாணிக்கம் தேடியது பொய்.

2. அன்று களுத்துறைக்கு மேற்கே நான்கு மைலில் கடலடி மண்ணை இரும்புக் கோப்பையில் அள்ளி எடுத்தோம். அதைத் தங்களிடம் கொண்டுவர எனக்கு உத்தரவு. எங்கள் ஊர் மாணிக்கக் குழிகளில் எடுத்த மண்ணைக் கூடையிலிட்டு ஆற்றில் அரித்து, சேறு போனபின் கல்லைத்தான் முதலாளி முன் வைப்போம். சேற்றோடு நீட்டுவது மரியாதைக் குறைவு. அந்தப் பழக்கத்தில் அலசிவிட்டேன். நங்கூரம் பிடிக்குமா என்று கடல் வரைபடத்தில் குறிக்க அந்தச் சேறே தேவை என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்காக மிகவும் வெட்கப்படுகிறேன்.

3. ஆனால் மிஞ்சிய கற்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் உருண்டைக் கற்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடி, களுத்துறையில் கடலில் சேரும் களுகங்கையில் கிடப்பவை போலவே இருந்தன. ஒரு காலத்தில் அந்தக் கடலடி தரையாக இருந்து, ஆறு அவ்வளவு தூரம் ஓடியிருக்குமோ? இதைத் தங்களிடம் சொல்லத்தான் ஓடிவந்தேன். கிளாக்கர் வழியில் மறித்து, என் மடியைச் சோதித்து, கற்களைத் தளத்தில் கொட்டிவிட்டார்.

4. இங்கே கடைக்குக் கடை, "என்ன தம்பி, கடல்ல மாணிக்கம் கெடச்சிச்சா?" என்று சிரிக்கிறார்கள். வாப்பா தம் மாணிக்கக் கடையில் வந்து உட்காரச் சொல்கிறார். கல் வியாபாரம் எனக்குத் தெரியும், மனம்தான் இல்லை. கடலடியை அளந்து படம் வரைவதையே ஆயுள் முழுக்கச் செய்ய ஆசைப்படுகிறேன். அந்த எழுத்து இருக்கும்வரை எந்தக் கப்பலும் என்னை ஏற்றாது.

5. ஆகவே அதே இடத்தில் இன்னொரு முறை கோப்பையை இறக்கிப் பார்க்க வேண்டுகிறேன். உருண்டைக் கற்கள் வராவிட்டால் இனி எழுதித் தொந்தரவு செய்யமாட்டேன். வந்தால் அந்த வரியை அடித்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். சேற்றில் ஒரு துளிகூடச் சிந்தாமல் கொண்டுவருவேன்.

தளத்தில் சிதறியவற்றில் ஒன்பது கற்களைப் பொறுக்கி வைத்திருந்தேன். இத்துடன் அனுப்புகிறேன். வாப்பா இவற்றைப் பார்த்து, ஒன்றுக்கும் பெறாது என்று ஒதுக்கிவிட்டார். எடுத்த இடத்தை ஒவ்வொன்றின்மேலும் மையால் எழுதியிருக்கிறேன்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மு. தாஸிம்

இரத்தினபுரி
1927 ஏப்ரல் 6