மகளுக்கு வாங்கிய மாத்திரை

8 ஜன., வியாழன்
காலையிலிருந்து மழை. மருந்துக்கடையில் டாக்டர் சீட்டை நீட்டினேன். கவுண்டர் பொண்ணு கடைக்கே கேட்கிற மாதிரி, "குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை. அக்காவுக்கா அண்ணே?"

"மகளுக்கு." வாயை மூடியிருக்கலாம். பின்னாலேயே கீழ்வீட்டு பார்வதி அக்கா, கையில் இருமல் மருந்து.

"தைப்பூசத்துக்கு நாள் தள்ளிப்போடத்தானே தம்பி?"

கப்பென்று பிடித்துக்கொண்டேன். "ஆமாக்கா."

"அப்போ கவிதா எங்களோட பால்குடம் எடுக்கறா!"

"ஆமாக்கா."

வீட்டில் என் மனைவி செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "உங்கள அனுப்பினேன் பாருங்க."

9 ஜன.
முதல் மாத்திரை. கவிதாவுக்குப் பத்தொன்பது. பிறந்ததிலிருந்தே தூங்கினால் மூச்சு மறந்துபோகும், மூளை உத்தரவு போடாது. தூங்கும்போதெல்லாம் முகமூடி, மெஷின். பக்கத்தில் நானோ செல்வியோ, ஷிப்ட். ஃபேக்டரியிலாவது லீவு உண்டு.

இந்த மாத்திரை யாரோ சிலருக்குத் தற்செயலாக மூச்சைத் தூண்டிவிட்டதாம். டாக்டர்: "பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். மெஷின எடுக்கவே கூடாது." மூணு வாரத்தில் டெஸ்ட். தேறினால் மெஷினோடு கோலாலம்பூர் காலேஜ், ஹாஸ்டல் பற்றி யோசிக்கலாம் என்றார். கவிதா அதற்குள் துணிப்பெட்டியை இறக்கித் துடைத்துவிட்டாள்.

17 ஜன., சனி
பட்டர்வொர்த், மச்சான் வீடு. ஃபெரியில் நல்ல காற்று. கவிதாவுக்குக் கண் சொக்கியது. தோளில் தட்டினேன். மறுபடி தட்டினேன்.

"அப்பா, நான் என்ன பசார் மீனா? அமுக்கி அமுக்கிப் பாக்கறீங்க!"

எதிரில் இருந்தவர் சிரித்தார். நானும். கையை மட்டும் எடுக்கவில்லை.

வாங்க வேண்டியது: மெஷின் ஃபில்டர், எனக்குச் செருப்பு.

ஒரே ஒரு ராத்திரி முழுசாகத் தூங்கினால் எப்படி இருக்கும் என்றேன். செல்வி: "உங்க குறட்டையில மெஷின் அலாரமே கேக்காது லா."

24 ஜன.
பார்வதி அக்கா மஞ்சள் சேலையோடு வந்தாள். கவிதாவுக்கு மூச்சு வாங்கினாலும் தெரியாது, மலைக்கோயில் படி ஏறக் கூடாது என்றேன். "அடிவாரம் வரைக்கும் வரட்டும், மிச்சத்த நான் ஏத்தறேன்." டாக்டரும் சரி என்றார். என் ஒரு பொய்க்கு எத்தனை பேர் வேலை.

29 ஜன., வியாழன்
டெஸ்ட். முகமூடி வழியாக, நாம் வெளியே விடுகிற கெட்ட காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்கள். உடம்பு தானாக வேகமாக மூச்சு விட வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நான் புஸ் புஸ் என்று விட்டுக்கொண்டிருந்தேன். நர்ஸ், "அங்கிள், நீங்க இல்ல லா. அவங்க."

மாற்றம் இல்லை.

"ஓகே டாக்டர்," என்றாள் கவிதா. காரில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். வேற மருந்து வரும்மா என்றேன். பெட்டியைத் திரும்ப அலமாரி மேல் வைத்தது நான்தான்.

1 பிப்., ஞாயிறு
தைப்பூசம். சரியான வெயில். கவிதா தலையில் பால்குடம், விரலில் ஆக்ஸிஜன் மீட்டர், பக்கத்தில் நான். செருப்பு இல்லாமல் தார் ரோட்டில் குதித்துக் குதித்து நடந்தேன். அவள் நேராக நடந்தாள். அடிவாரத்தில் குடத்தை வாங்கிக்கொண்ட பார்வதி அக்கா, "என்ன தம்பி, மாத்திரை வேலை செஞ்சுச்சா?"

"செஞ்சுச்சுக்கா."

கவிதா என்னைப் பார்த்தாள். "நல்லா பொய் சொல்றீங்கப்பா."

அவளிடம் சொல்லாதது: மாற்றம் இல்லை என்று டாக்டர் சொன்னதும், என் நெஞ்சில் முதலில் வந்தது 'அப்பாடா'.